சங்கிலி பிடித்த சிறுவர்கள்

பாலக்காட்டுக் கணவாயின் தென்புறத்தில் நெல்லியாம்பதியாக எழுந்து, பறம்பிக்குளம், ஆனைமலை என்று பெயர் மாறி மாறித் தொடர்ந்து, மறையூரையும் தேவிகுளத்தையும் உள்ளே அடக்கிக்கொண்டு, போடிமெட்டைத் தாண்டிக் குமுளி வரையில் நீண்டு கிடக்கிற மலைப் பிரதேசத்தை இன்று நாம் தொலைபேசித் திரையில் விரல் நுனியால் நகர்த்திப் பார்த்துவிடுகிறோம். கல்பாத்தி அக்கிரகாரத்திலும் சித்தூர் வயற்காடுகளிலும் மறையூர்க் கரும்புத் தோட்டங்களிலும் மூணாறு லயன்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வருகிற ஜனங்களுக்கு இந்த மலைகள் அன்னியமானவை அல்ல. எந்த ஓடை எங்கே பிறக்கிறது, எந்த மேட்டைக் கடந்தால் எந்த ஊர் வரும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனாலும் அந்த அறிவு காகிதத்தில் ஏறி, கோடும் எண்ணுமாக மாறி இன்னும் இருநூற்றைம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதை ஏற்றியவர்கள் யார், அவர்களுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று தேடிக்கொண்டு போனால், சென்னைக் கோட்டையருகே பென்சிலும் அளவுகோலும் ஏந்தி உட்கார்ந்திருந்த சில அநாதைச் சிறுவர்களிடத்தில் போய் நிற்போம்.

கதை 1792-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தமது ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஹைதர் அலி 1766-இல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டையும் அதைச் சூழ்ந்த மலபாரும், கிழக்கே திண்டுக்கல்லும் பாராமகாலும் ஒரே கையெழுத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் வந்து சேர்ந்தன. நிலம் வந்துவிட்டது, ஆனால் அது எவ்வளவு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை ஏரி, எத்தனை குளம், எவ்வளவு தீர்வை விதிக்கலாம் என்பதொன்றும் கம்பெனியாருக்குத் தெரியாது. அளந்து சொல்லத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் ராணுவ உத்தியோகஸ்தர்களாகையால், யுத்தம் என்று ஒரு செய்தி வந்ததும் அளவுக்கருவியை அப்படியே வைத்துவிட்டுத் தத்தம் படைப்பிரிவுக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கிலாந்திலிருந்து தேர்ந்த ஆட்களை வரவழைக்கலாமென்றால் கப்பல் பிரயாணமே மாதக்கணக்கில் ஆகும். வந்தவர்களுக்குச் சம்பளமும் படியும் கொடுத்து மாளாது. அவர்களிலும் எத்தனை பேரைக் காட்டுக் காய்ச்சல் விட்டுவைக்கும் என்பதற்கு நிச்சயமில்லை. அனுபவஸ்தர்களையே கொண்டுவா என்றால், கொண்டுவருவதற்கு அனுபவஸ்தர்கள் வேண்டாமா?

இந்தச் சங்கடத்துக்கு விடை கண்டவர் மைக்கேல் டாப்பிங் என்பவர். அவர் கம்பெனியின் வான சாஸ்திரி. கடற்கரை அளவையில் கைதேர்ந்தவர். சென்னை வான ஆராய்ச்சி நிலையம் உருவாவதற்குக் காரணமாயிருந்தவர். ஏரிகளையும் வாய்க்கால்களையும் பழுதுபார்க்கும் இலாகாவின் மேற்பார்வையும் அவரிடத்திலேயே இருந்தது. வேலை மலைபோல் குவிந்திருந்த அந்த மனிதருக்கு, தம்மைப் போன்ற இன்னும் நான்கு பேரைக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு மனுப் போடுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்டதோ பையன்களை! சென்னை ஆண்பிள்ளைகள் ஆசிரமத்திலிருந்து எட்டுச் சிறுவர்களை எடுத்துக்கொண்டு 1794-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி புனித ஜார்ஜ் கோட்டையருகே ஒரு சர்வேப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் பெயர்களும் கட்டடங்களும் மாறி, 1859-இல் சிவில் எஞ்சினீயரிங் காலேஜ் ஆகி, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிற பொறியியற் கல்லூரியின் பூர்வோத்தரம் இதுதான். தென்னாட்டில் எஞ்சினீயர் என்று சொல்லிக்கொள்கிற எவரும் இந்த எட்டுப் பேருக்கு ஏதோவொரு வகையில் வாரிசுகளே.

அந்தச் சிறுவர்களைப் பற்றியும் அவர்கள் வளர்ந்த ஆசிரமத்தைப் பற்றியும் சற்று நின்று சொல்லவேண்டும். கம்பெனிப் படைவீரர்களுக்கும் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து, தகப்பனை இழந்தோ தகப்பனால் கைவிடப்பட்டோ திக்கற்று நின்ற பிள்ளைகளுக்காக ஏற்பட்டது அந்த ஆசிரமம். 1789-இல் அதன் கண்காணிப்பாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னைப் புறத்தே ஒரு நாள் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இதை நம் ஆசிரமத்திலும் செய்யலாமே என்று அவர் சொன்னபோது, அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த உபாத்தியாயர்கள் அது நடவாத காரியம் என்று கையை விரித்துவிட்டார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். ஒருபடி மேலே கற்றவன் ஒருபடி கீழே நிற்பவனுக்குக் கற்பிப்பது என்ற முறை ஆசிரமம் முழுவதும் பரவியது. 1797-இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலின் மூலமாகச் 'சென்னை முறை' என்ற பெயருடன் இங்கிலாந்திலும் பிற தேசங்களிலும் அது வழங்கலாயிற்று.

நமக்கோ இது புதிதன்று. அண்ணாவியார் திண்ணையில் சாய்ந்திருக்க, சட்டாம்பிள்ளை பிரம்பும் கையுமாகச் சிறுபிள்ளைகளுக்கு எண்சுவடி சொல்லிக்கொடுத்த காட்சி நம் தாத்தாக்களுக்கு நினைவிருந்தது. சட்டாம்பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தானோ இல்லையோ, வாய்ப்பாட்டைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு அவனுக்கு அது ஜன்மத்துக்கும் மறக்காது. தெற்கத்தித் தெருத் திண்ணையிலிருந்து லண்டன் வரையிற் போன ஒரு சரக்கை, பிற்காலத்தில் சீமையிலிருந்து வந்த நூதனக் கல்விமுறை என்று நாமே வியந்து வாங்கிக்கொண்டது வேறு கதை.

ஆசிரமத்துப் பிள்ளைகளின் திறமைக்கு ஓர் உதாரணம் போதும். பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த திப்புவின் இரண்டு புதல்வர்களும் 1794-இல் திருப்பி அனுப்பப்பட்டபோது, உடன் சென்ற தூதுகோஷ்டியில் வில்லியம் ஸ்மித் என்ற பதினேழு வயது ஆசிரம மாணவனும் இருந்தான். பௌதிக சாஸ்திரக் கருவிகளைத் திப்புவின் முன்னிலையில் இயக்கிக் காட்டிப் பரிசோதனைகள் செய்வதற்காகவே அவன் அனுப்பப்பட்டான். மைசூர்ப் புலியின் தர்பாரில் நின்று விஞ்ஞானப் பாடம் நடத்தப் பதினேழு வயதுப் பிள்ளையை நம்பி அனுப்பிய மனோதைரியம், நேர்முகத் தேர்வுக்கு வந்த பட்டதாரியை 'அனுபவம் போதாது' என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்புகிற நம் காலத்து அதிகாரிகளுக்கு எங்கிருந்து வரும்?

டாப்பிங் தாம் நட்டது பலன் தருவதைப் பார்க்கவில்லை. 1796 ஜனவரியில் மசூலிப்பட்டணத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். வான ஆராய்ச்சி நிலையத்தையும் பள்ளியையும் அவருடைய உதவியாளர் ஜான் கோல்டிங்ஹாம் ஏற்று நடத்தினார். கணிதம், சித்திரம் ஆகியவற்றைச் சிறிது கற்பித்து, கருவிகளைக் கையாளப் பழக்கி, பிறகு வெளியூரில் வேலை செய்யும் ஒரு சர்வேயரிடம் பயிற்சியாளனாக அனுப்பிவிடுவார்கள். மிச்சப் பாடம் வெயிலில்.

அந்த வெயிற் பாடம் எப்படியிருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்க்கவேண்டும். அக்காலத்து நில அளவைக்கு வழங்கிய கன்டர் சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணிகள், பத்துக் கண்ணிக்கொரு பித்தளை வில்லை தொங்கும், அந்த வில்லையின் பல்லைத் தடவிப் பார்த்தே பத்தா, இருபதா, முப்பதா என்று சொல்லிவிடலாம். எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். முன்னே ஒருவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு போக, பின்னே ஒருவன் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் பையன் அளவைப் புத்தகத்தோடு நடப்பான். மற்றப் புத்தகங்களை மேலிருந்து கீழே எழுதுவோம். அளவைப் புத்தகத்தைக் கீழிருந்து மேலே எழுதவேண்டும். நாம் நடக்கிற திசையும் பக்கத்திலே கோடு போகிற திசையும் ஒன்றாயிருந்தால்தான், இடப்புறத்துக் கிணறு இடப்புறத்திலும் வலப்புறத்துப் புளியமரம் வலப்புறத்திலும் விழும். சரிவில் சங்கிலியை நிலத்தோடு படியவிட்டால் கணக்குத் தப்பிவிடும். ஆகவே துண்டு துண்டாகத் தூக்கிப் பிடித்து, மட்டமாக, மாடிப்படி இறங்குவதுபோல் அளந்து இறங்கவேண்டும். இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சேற்றிலும் முள்ளிலும் நின்று நாலு தடவை தவறு செய்த பிறகே கைக்குப் பழகும்.

தவறு செய்வானே என்ற பயத்துக்கும் அந்தத் தொழிலிலேயே மாற்று இருந்தது. ஒரு நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டே வந்தால் புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரவேண்டும்; சேராவிட்டால் எங்கோ பிசகு. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரவேண்டும். வராவிட்டால் நாளைக் காலையில் மறுபடியும் குன்றேற வேண்டியதுதான். சாயங்காலம் கூடாரத்தில் விளக்கேற்றி, பையன் எழுதிய எண்களை மூத்தவர் கூட்டிப் பார்ப்பார். பிசகு அன்றைக்கே அகப்பட்டுவிடும். அகப்பட்ட பிசகினால் சர்க்காருக்கு நஷ்டமில்லை, பையனுக்கு லாபம். இளையவர்களை வைத்துக்கொண்டு பெரிய காரியம் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தம்மிடம் இப்படிப்பட்ட ஒரு சாயங்காலக் கணக்கு இருக்கிறதா என்பதைத்தான். அது இல்லாத இடத்தில் மூத்தவரின் பிசகும் அகப்படாமலே போகும். அதற்கு இளையவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பள்ளியிலிருந்து புறப்பட்டவர்கள் யாரிடம் போய்ச் சேர்ந்தார்கள்? 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலையருகே அடித்தளக்கோடு அளக்கத் தொடங்கி, பிற்காலத்தில் இமயமலை வரை சென்ற மகா திரிகோண அளவைக்கு அஸ்திவாரம் போட்ட வில்லியம் லாம்ப்டனிடம் சிலர் போனார்கள். அவர்களில் ஜோஷுவா டீ பென்னிங் முக்கியமானவர். ஆசிரமத்தில் வளர்ந்த இவர் லாம்ப்டனுக்குத் துணையாகத் தென்னாடு முழுவதும் சுற்றி, கோணம் அளக்கும் அரை டன் கனமுள்ள தியோடலைட்டுடன் கோபுரங்களிலும் குன்றுகளிலும் ஏறி இறங்கிப் பழுத்தவர். பிற்காலத்தில் கல்கத்தாவில் ஏற்பட்ட கணக்கீட்டு அலுவலகத்துக்குத் தலைவரானார். அதே அலுவலகத்திற்கு 1831-இல், இந்து காலேஜில் படித்துவிட்டு, இருபது வயது நிறையுமுன் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி இளைஞர் கணக்கராக வந்து சேர்ந்தார். சிக்தார் வேறு இலாகாவுக்குப் போக முயன்றபோது, சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்ட் அவரை விடவே மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார் என்பது பிரசித்தம். எவரெஸ்ட்டின் பெயர் சூட்டப்பட்ட சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் வெளியானபோது, அதன் பின்னாலிருந்த கணித உழைப்பில் சிக்தாரின் பங்கு பெரிது. டாப்பிங்கின் பையன்களில் ஒருவர் தலைமை வகித்த அலுவலகத்தில் அடுத்த தலைமுறைப் பையன் ஒருவன் தேறினான் என்றால், அதை வெறும் தற்செயல் என்று சொல்லத் தோன்றவில்லை.

வேறு சிலர் காலின் மெக்கன்ஸியிடம் போனார்கள். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் சமஸ்தானத்தை அளக்கும் பொறுப்பு மெக்கன்ஸியின் தலையில் விழுந்தபோது, கைக்கு உதவியாக அவருக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பையன்களே. இந்த மனிதருக்கு இளைஞர்களைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனி ராசி இருந்தது. இருபது வயதில் அவரிடம் வந்து சேர்ந்த காவலி வெங்கட போரய்யா சாசனங்களையும் ஏடுகளையும் சேகரிப்பதில் காட்டிய சிரத்தையால்தான் மெக்கன்ஸியின் புகழ்பெற்ற சுவடித்தொகுதியே உருவாயிற்று. 1803-இல் இருபத்தாறு வயதுக்கெல்லாம் போரய்யா மறைந்தபோது அவருடைய தம்பி லட்சுமய்யா அந்தப் பணியை மேற்கொண்டார். புதியவர்களை வைத்துக்கொண்டு வேலை செய்ததால் மெக்கன்ஸிக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டாயிற்று: எதைக் கேட்கவேண்டும், எதைக் குறிக்கவேண்டும், எந்த வரிசையில் எழுதவேண்டும் என்பதையெல்லாம் அவர் எழுத்தில் வகுத்துக் கொடுத்தாக வேண்டும். கைதேர்ந்த நான்கு பேர் மட்டும் கூடியிருந்தால் எல்லாம் கண்ஜாடையிலே நடந்து, அவர்களோடேயே போயிருக்கும். பையன்களுக்காக எழுதி வைத்ததால் முறை நிலைத்தது.

மைசூர் அளவையில் அந்த முறையிலே பழகியவர்களில் ஒருவர்தான் நம் பிரதேசத்தின் கதாநாயகர். பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு என்பது அவர் பெயர். தென்னாட்டுக் கோயில்களையும் கோட்டைகளையும் எண்ணெய்ச் சித்திரங்களாகத் தீட்டிய பிரான்சிஸ் ஸ்வெயின் வார்டின் புதல்வர். சர்வேப் பள்ளியில் பயின்று, சிறுவனாகவே மெக்கன்ஸியின் கோஷ்டியில் சேர்ந்து, பிறகு சென்னைப் படையில் உத்தியோகம் பெற்றவர். 1815-இல் மெக்கன்ஸி இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக உயர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளக்கும் பணி வார்டிடம் வந்தது. கோனர் என்ற இன்னொரு லெப்டினெண்டும் துணை சேர்ந்தார். 1816-இல் தொடங்கிய அளவை 1820-இல் முடிந்தது.

கடற்கரைச் சமவெளியை அளப்பது ஒருவகை. மலைநாட்டை அளப்பது முற்றிலும் வேறு வகை. 1817 வாக்கில் வார்டின் கோஷ்டி, இன்று நாம் ஹைரேஞ்ச் என்று சொல்கிற உயர்ந்த மலைகளுக்குள் புகுந்தபோது, அங்கே ரோடு என்று ஒன்று கிடையாது. மலைவாசிகளான முதுவர்களின் ஒற்றையடிப் பாதையும் யானைத்தடமுமே வழி. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்தூர்களைக் கொண்ட அஞ்சுநாட்டில் நெல் விளைந்தது. தமிழ் பேசும் குடியானவர்கள் தங்களுக்கென்று கட்டுப்பாடுகளோடு வாழ்ந்தார்கள். அதற்கு மேற்கே மழையும் அட்டையும் மூடுபனியும். எதிரிலுள்ள சிகரத்தில் கொடி நட்டுவிட்டு, அது கண்ணுக்குத் தெரிகிற அரை நாழிகைக்காக நாட்கணக்கில் காத்திருக்கவேண்டும். காய்ச்சல் வேறு. கண்ணன் தேவன் என்ற பெயர் பதிவேட்டில் ஏறியது இந்த அளவையின் மூலமாகத்தான். அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயரால் வழங்கிய அந்த மலைகளை, 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டது. தேயிலைக்காகத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மேட்டிலேறின. 1940-இல் பள்ளிவாசலில் நீர்மின்சாரம் பிறந்தது. இத்தனைக்கும் முன்னால், இங்கே இப்படியொரு நாடு இருக்கிறது என்று காகிதத்தில் காட்டியவர் வார்டு.

அவரும் கோனரும் சேர்ந்து எழுதிய திருவிதாங்கூர்–கொச்சி அளவைக் குறிப்பு, 1863-இல் திருவனந்தபுரம் சர்க்கார் அச்சகத்தில் நூலாக வெளிவந்தது. மெக்கன்ஸி வகுத்த வரிசை அதில் அப்படியே தெரியும்: எல்லை, மலை, ஆறு, குளம், வழி, பயிர், ஜாதி, கோயில், சந்தை. அக்காலத்தில் கொச்சிக்கு உட்பட்டிருந்த சித்தூரும் அதில் அடக்கம். வார்டு அதோடு நிற்கவில்லை. 1821-இல் பழனிமலையேறி இன்றைய கொடைக்கானலைக் கண்டார். அதையடுத்து நீலகிரியை அளந்தார். பிறகு கோனருடன் மலபாரையும் அளந்து ஒரு விவரணம் எழுதினார். அது 1906-இல் கோழிக்கோட்டில் அச்சாயிற்று. பாலக்காடு அதில் வருகிறது. ஆகவே பாலக்காட்டுக்காரரானாலும் இடுக்கிக்காரரானாலும், தம் ஊரைப் பற்றிய முதல் விரிவான அளவைக் குறிப்பைத் தேடினால், ஒரு காலத்தில் சென்னையில் கோடு கிழிக்கப் பழகிய பையனின் எழுத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு கம்பெனியாரின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் சரித்திரத்துக்குத் துரோகம் செய்ததாகும். அவர்கள் பையன்களை எடுத்ததற்கு ஒரு பிரதான காரணம் சிக்கனம். பையன்களுக்குச் சம்பளம் சொற்பம். இந்நாட்டுத் தாய்மார் வயிற்றிற் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ உத்தியோகங்கள் கூடாதென்று 1791-லும் 1795-லும் பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகள், ஆசிரமத்துப் பிள்ளைகளில் பலருக்கு மேல்படியை அடைத்தே வைத்திருந்தன. வார்டுக்குப் படையில் பதவி கிடைத்தது. டீ பென்னிங்கோ எத்தனை ஆண்டுகள் உழைத்தும் உதவியாளர் வரிசையிலேயே உயரவேண்டியிருந்தது. இளையவர்களை எடுப்பது ஒன்று. அவர்களை வளரவிடுவது இன்னொன்று. முன்னதை மட்டும் செய்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைக்கிற ஸ்தாபனங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பயிற்சியாளன் என்ற பெயரில் மூன்று ஆண்டு மலிவான வேலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறவர்களை நான் இந்தக் கட்டுரைக்குச் சாட்சியாக அழைக்கவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். இந்திய மென்பொருள் தொழில் எப்படி வளர்ந்ததென்பது நம் கண்முன் நடந்த சரித்திரம். 1968-இல் தோன்றிய டாடா கன்சல்டன்சியானாலும் 1981-இல் தோன்றிய இன்ஃபோஸிஸ் ஆனாலும், பட்டம் வாங்கிய கையோடு வந்த பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, மாதக்கணக்கில் பயிற்றுவித்து, மூத்தவர்களின் அருகில் உட்காரவைத்தே பெரிதாயின. திருவனந்தபுரத்தில் ஒன்றும் மைசூரில் ஒன்றும் அதற்கென்றே பெரிய பயிற்சிக்கூடங்களைக் கட்டினார்கள். மெக்கன்ஸி பையன்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த அதே மைசூரில்! அப்படிப் பயின்ற பிள்ளைகளே இன்று உலகெங்கும் மூத்த எஞ்சினீயர்கள் என்று மதிக்கப்படுகிறார்கள். இப்போது அவர்களிற் சிலர் மேலாளர்களாக உட்கார்ந்துகொண்டு, ஐந்து வருஷ அனுபவமில்லாதவர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். இயந்திரமே நிரல் எழுதுகிற காலத்தில் கற்றுக்குட்டிகள் எதற்கு என்பது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம்.

அந்த நியாயம் எனக்குச் செல்லுபடியாகத் தோன்றவில்லை. இயந்திரம் எழுதியதைச் சரியா தவறா என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த விவேகம் நிறையத் தவறுகளைத் தானே செய்து, தானே கண்டுபிடித்துத் திருத்தியவரிடத்தில்தான் இருக்கும். எல்லாக் கம்பெனிகளும் பக்கத்துக் கம்பெனியில் பழுத்தவரையே சம்பளம் உயர்த்திப் பறித்துக்கொண்டிருந்தால், பழுப்பதற்குக் காய் எங்கே? பயிற்சி கொடுத்தபின் ஓடிவிடுகிறார்களே என்ற புகாரிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சிலர் ஓடத்தான் செய்வார்கள். ஓடாமல் இருக்கச் சிக்தாரை எவரெஸ்ட் பிடித்துக்கொண்டதுபோல் பிடித்துக்கொள்ளலாம், அல்லது அவரைவிட நல்ல முறையில், மேல்படியைத் திறந்துவைத்து இருக்கச்செய்யலாம். மூத்த எஞ்சினீயர் நேரம் வீணாகிறதே என்பார்கள். மெக்கன்ஸி தம் வேலைமுறையை எழுதிவைத்தது யாருக்காக என்பதை மறந்துவிட்டுச் சொல்கிற பேச்சு அது.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்தே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் 1973-இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் விரிக்கப்பட்டது. முப்பதோ அதற்கு மேற்பட்டோ ஆட்களையுடைய ஸ்தாபனங்கள் தம் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரையில் பயிற்சியாளர்களை எடுக்கவேண்டுமென்று இன்றைய விதி இருக்கிறது. விதிக்குப் பயந்து எடுக்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். அதில் யாருக்கும் பிரயோஜனமில்லை. பையனைச் சங்கிலியின் அருகில் நடக்கவிடவேண்டும்.

பாலக்காட்டில் 1960 முதல் ஒரு பொறியியற் கல்லூரி இருக்கிறது. 2015 முதல் ஐ.ஐ.டி.யும் இருக்கிறது, இடுக்கியில் பைனாவில் சர்க்கார் கல்லூரி நடக்கிறது. கொச்சி இன்ஃபோபார்க்கும் கோயம்புத்தூரும் இந்தப் பிள்ளைகளுக்குச் சில மணி நேரப் பிரயாணத் தூரம். வண்டிப்பெரியாற்றுத் தோட்டத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறை வயலிலிருந்தும் படித்து முன்னேறி வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, வேலை தெரிந்தவர்களின் உறவோ சிபாரிசோ கிடையாது; முதல் நாற்காலியை யாராவது கொடுத்தால்தான் உண்டு. கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் உள்ள ஸ்தாபனங்களின் அதிகாரிகளை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: அடுத்த முறை நான்கு மூத்த எஞ்சினீயர்களுக்கு விளம்பரம் எழுதும்போது, அதில் ஒன்றை அடித்துவிட்டு, அந்தச் சம்பளத்தில் இரண்டு புதியவர்களை எடுங்கள், மிச்ச மூவரில் ஒருவருக்கு, சாயங்காலத்தில் அவர்களுடைய கணக்கைக் கூட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.